வேர்ப்பூசணமும் வறண்ட காடுகளின் மீட்சியும்

ஆண்டுதோறும் பருவமழை தொடங்கியதும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா, மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களின் வறண்ட நிலங்களில் ஏராளமான மரக்கன்றுகள் நடப்படுகின்றன. குழியின் அளவு, கன்றின் உயரம், ஒரு ஹெக்டேரில் நட்ட கன்றுகளின் தொகை ஆகிய யாவும் பதிவேட்டில் ஒழுங்காக ஏறுகின்றன. ஆயினும், குழியில் இட்ட மண் உயிருள்ள மண்தானா என்னும் கேள்வி பொதுவாக எழுப்பப்படுவதில்லை. கன்று பிழைப்பதும் மடிவதும் பல காரணங்களைப் பொறுத்தவை. அவற்றுள் கண்ணுக்குத் தெரியாத காரணமாகிய மண்ணின் பூசணங்களைப் புறக்கணித்துவிட்டுக் காட்டை மீட்க முயல்வது, விதையின்றி உழுவதற்கு ஒப்பாகும்.

1968-ஆம் ஆண்டில் சாம்பியன், சேத் ஆகிய இருவரும் வெளியிட்ட இந்திய வன வகைப்பாட்டின்படி, வறண்ட இலையுதிர் காடுகள் ஒரு தனித் தொகுதியாகும். முட்காடுகள் மற்றொரு தொகுதி. நாட்டின் காடுகளுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை வறண்ட இலையுதிர் வகையைச் சேர்ந்தவை. தேக்கு, வெக்காலி, கருமருது, பலாசு, கருங்காலி, தெண்டு, மகுவா எனப்படும் இலுப்பை இனம் ஆகியவை இக்காடுகளின் முக்கிய மரங்கள். ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் மழையின்றிக் காய்வது இந்நிலங்களின் இயல்பு. வெட்டு, மேய்ச்சல், தீ ஆகிய மூன்றும் பல தலைமுறைகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தியதால், இவற்றுட் பல இன்று புதரும் சரளையுமாகக் குன்றிக் கிடக்கின்றன. இவற்றை மீட்பதே களப்பணியாளர் முன்னுள்ள பெரும்பணி.

வேரும் பூசணமும்

மரத்தின் வேரோடு பூசணம் கூடி வாழும் செய்தியைத் தாவர நூலார் நெடுங்காலமாக அறிவர். ஜெர்மன் தாவர நூலாராகிய பிராங்க் என்பவர், விலையுயர்ந்த நிலக்காளான்களைச் சாகுபடி செய்ய இயலுமா என்று ஆராயப் பணிக்கப்பட்டார். அவ்வாராய்ச்சியின் வழியே மரவேர்கள் பூசண உறையால் போர்த்தப்பட்டிருப்பதைக் கண்டு, 1885-ஆம் ஆண்டில் அக்கூட்டுறவுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். பூசணம், வேர் என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் அதனை வேர்ப்பூசணம் எனலாம். இக்கூட்டுறவு மிகத் தொன்மையானது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாவரப் புதைபடிவங்களிலேயே இதன் அடையாளங்கள் காணப்படுகின்றன.

வேர்ப்பூசணங்களுள் இரு வகைகள் நம் காடுகளுக்கு முக்கியமானவை. முதலாவது, வேரின் உயிரணுக்களுக்குள்ளேயே நுழைந்து, அங்கே சிறு மரம்போல் கிளைத்து நிற்கும் வேர் உட்பூசணம். பூக்கும் தாவரங்களுள் பத்தில் ஏழு பங்கு இவ்வகையோடு உறவு கொண்டவை. தேக்கு, வேம்பு, கருங்காலி, பலாசு, மருது, வெக்காலி முதலியவை மட்டுமன்றி, சோளம், வெங்காயம், பெரும்பாலான புல்வகைகள் ஆகியவையும் இதில் அடங்கும். இரண்டாவது, வேர் நுனியை உறைபோல் மூடி, உயிரணுக்களுக்கு இடையே வலைபோல் பரவும் வேர்ப் புறப்பூசணம். நம் நாட்டில் சால மரமும் இமயத்தின் பைன் மரங்களும் இதற்குத் தக்க சான்றுகள்.

இரண்டாவது வகையை அறிவியல் நூல் படியாத மக்களும் அறிவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஜார்க்கண்டில் ‘ருக்டா’ என்றும், பஸ்தரில் ‘போடா’ என்றும் வழங்கும் உருண்டைக் காளான், முதல் மழை பெய்ததும் சால மரங்களின் அடியில் மண்ணைக் கிளறி எடுக்கப்படுகிறது. சந்தையில் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. அது அஸ்ட்ரேயஸ் இனத்தைச் சேர்ந்தது. சால மரத்தின் வேரோடு கூடி வாழ்வது. சால மரம் இல்லாத இடத்தில் அதனைத் தேடிப் பயனில்லை என்பதைக் காளான் பொறுக்கும் பெண்கள் நன்கு அறிவர். வேருக்கும் பூசணத்துக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டும் பாடம் வேறில்லை.

கொடுக்கல் வாங்கல்

இவ்வுறவு கொடுக்கல் வாங்கலின்மீது நிற்பது. மரம் தன் இலைகளில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைப் பூசணத்துக்கு அளிக்கிறது. ஒளிச்சேர்க்கையில் ஆக்கிய பொருளில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை இவ்வாறு செல்லக்கூடும் என்று ஆய்வாளர் மதிப்பிடுவர். இது சிறு தொகையன்று. இவ்வளவு கொடுத்து மரம் பெறுவது யாது? முதன்மையாக மணிச்சத்து.

வறண்ட காடுகளின் செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் இரும்பும் அலுமினியமும் மிகுதி. இவை மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. பற்றப்படாது எஞ்சிய சிறு பங்கும் மண்ணீரில் மிக மெதுவாகவே நகரும். எனவே வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்குள் உள்ள மணிச்சத்து விரைவில் தீர்ந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ளது வேருக்கு எட்டுவதில்லை. பூசண இழைகளோ தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியவை. வேர் புக முடியாத மண்துளைகளிலும் அவை புகும். தீர்ந்துபோன எல்லையைக் கடந்து பல சென்டிமீட்டர் தொலைவு வரை சென்று மணிச்சத்தைச் சுமந்து வரும். துத்தநாகம் முதலிய நுண்சத்துகளும் இவ்வாறே கிடைக்கின்றன. மேலும், இவ்விழைகள் மண்துகள்களைப் பிணைத்துக் கட்டிகளாக்குவதால் மழைநீர் மண்ணில் இறங்குகிறது. மேல்மண் அடித்துச் செல்லப்படுவது குறைகிறது.

பயறுவகை மரங்களுக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. கருங்காலி, பலாசு, வாகை போன்றவை வேர்முடிச்சுகளில் பாக்டீரியாவின் துணையோடு காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுவன. இவ்வேலைக்கு மணிச்சத்து மிகுதியாக வேண்டும். பூசணம் மணிச்சத்தைத் தராவிடில் வேர்முடிச்சும் தளரும், தழைச்சத்தும் குறையும். ஒரு துணை விலகும்போது மற்றொரு துணையும் வலுவிழப்பதை இதில் காணலாம்.

பூசணம் எவ்வாறு குன்றுகிறது?

பூசணத்தின் வித்துகளும் இழைகளும் பெரும்பாலும் மண்ணின் மேல் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் உள்ளன. மேல்மண் அரித்துச் செல்லப்பட்டால் அவையும் உடன் போகின்றன. அடிக்கடி எரியும் கடுந்தீ மேற்பரப்பில் உள்ளவற்றை அழிக்கிறது. எல்லாவற்றினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வேர் உட்பூசணம் உயிருள்ள வேரின்றி வளரவே இயலாதது. சோதனைக் குழாயில் ஊட்டப்பொருளிட்டு அதனைத் தனியே வளர்க்க முடியாது. ஆதலால், நிலத்தில் உயிருள்ள வேர்கள் யாவும் அகற்றப்பட்டால், பூசணம் சேமிப்பைச் செலவிட்டு நாளடைவில் தேய்ந்துபோகும்.

இவ்விடத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாஸ்பர், அப்பட், ராப்சன் ஆகியோர் 1980-களில் நிகழ்த்திய ஆய்வுகள் கருதற்குரியன. உலர்ந்த மண்ணில் கிடந்த பூசண இழைகள், மண் கலைக்கப்படாதவரை, அடுத்து முளைத்த செடியின் வேரில் ஏறும் ஆற்றலை இழக்கவில்லை. ஆனால் அம்மண்ணைக் கிளறிக் கலைத்தபோது அவ்வாற்றல் பெரிதும் குன்றியது. நீண்ட கோடையை உடைய நம் வறண்ட காடுகளுக்கு இம்முடிவு நேரே பொருந்தக்கூடியது. கோடையில் காய்ந்து கிடக்கும் நிலம் செத்த நிலம் அன்று. அதன் உயிர் இழைகளின் வடிவில் உறங்கிக் கிடக்கிறது. அவ்வேளையில் புல்டோசரைக் கொண்டு புதர்களை வேரோடு பெயர்த்து, மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்து, நிலத்தைத் ‘தூய்மை’ செய்வோர், மழைக்குக் காத்திருக்கும் அவ்வுயிரைத் துண்டு துண்டாக அறுக்கின்றனர்.

அடிக்கட்டையின் மதிப்பு

இதிலிருந்து பெறப்படும் முதற்கருத்து இதுவே: குன்றிய காட்டில் எஞ்சி நிற்கும் அடிக்கட்டைகளும் புதர்களும் அகற்ற வேண்டிய குப்பைகள் அல்ல, அவை பூசணத்தின் இருப்புக் களஞ்சியங்கள். ஆடு மேய்ந்து குட்டையாகிய பலாசு, ஆண்டுதோறும் வெட்டுண்டு துளிர்க்கும் தெண்டு, முழங்கால் உயரத்தில் நிற்கும் தேக்குத் தூர் ஆகிய ஒவ்வொன்றின் அடியிலும் பல்லாண்டு வயதுடைய வேர் உண்டு. அவ்வேரில் அந்நிலத்துக்குப் பழகிய பூசணம் உண்டு. நாற்றங்காலிலிருந்து வரும் கன்றுக்கு இவ்விரண்டும் இல்லை.

மேற்கு வங்காளத்தின் மேற்கு மிதுனாபுரி மாவட்டத்தில் உள்ள அரபாரி இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு. 1970-களின் தொடக்கத்தில் அங்குச் சால வனம் வெட்டினாலும் மேய்ச்சலாலும் புதராகக் குன்றிக் கிடந்தது. வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, சுற்றியிருந்த 11 கிராமங்களின் 618 குடும்பங்களோடு உடன்பாடு செய்துகொண்டு, சுமார் 1,270 ஹெக்டேர் பரப்பை வெட்டிலிருந்தும் மேய்ச்சலிலிருந்தும் காக்கச் செய்தார். மக்களுக்கு வேலையும் விறகும், இறுதி வருவாயில் நான்கில் ஒரு பங்கும் உறுதியளிக்கப்பட்டன. காவல் கிடைத்ததும் பழைய சாலத் தூர்களிலிருந்து காடு மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் நாடெங்கும் பரவிய கூட்டு வன மேலாண்மைக்கு இது முன்னோடியாயிற்று.

அரபாரியின் வெற்றியைச் சமூக ஒத்துழைப்பின் வெற்றி என்று எல்லாரும் கூறுவர். அது முற்றும் உண்மை. ஆயினும் அது வேரின் வெற்றியும் ஆகும் என்பதைச் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். சால மரம் பூசணத்தைப் பெரிதும் சார்ந்தது. விதையிலிருந்து எழும் சாலக்கன்று பல ஆண்டுகள் தண்டு காய்ந்தும் துளிர்த்தும் வேரைப் பெருக்கிய பின்னரே நிமிர்ந்து வளரும் என்பதை வனத்துறையினர் அறிவர். பழைய தூரோ ஊன்றிய வேரோடும் அவ்வேரைச் சார்ந்த உயிர்களோடும் ஆயத்தமாக நின்றது. அது வேண்டியதெல்லாம் காவல் ஒன்றே. எனவே தூர்கள் எஞ்சியுள்ள நிலங்களில் இயற்கை மறுவளர்ச்சிக்கு உதவுவதே முதற்பணியாகவும், புதிய நடவு இரண்டாம் பணியாகவும் இருத்தல் வேண்டும். காவல், தீத்தடுப்பு, ஒரு தூரில் நல்ல துளிரை நிறுத்தி ஏனையவற்றைக் களைதல் ஆகியவற்றுக்குக் குழி தோண்டும் செலவினும் குறைந்த செலவே ஆகும். கன்று எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பணியை அளக்கும் வழக்கம் இருக்கும்வரை இவ்வழி பின்தள்ளப்பட்டே கிடக்கும். அவ்வழக்கம் மாற வேண்டும்.

நாற்றங்காலில் செய்யத்தக்கவை

தூர்களும் இல்லாது வெறுமையாகிப்போன நிலத்தில் நடவு தவிர்க்க இயலாதது. அங்கே கவனம் நாற்றங்காலில் தொடங்க வேண்டும். பழைய முறையில் பாலித்தீன் பைகளில் காட்டு மண், மணல், தொழு உரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்புவர். காட்டு மண்ணோடு பூசணமும் தற்செயலாகவே வந்து சேர்ந்தது. இப்போது பல இடங்களில் ரூட் ட்ரெய்னர் எனப்படும் வரியிட்ட குப்பிகளில் தென்னை நார்க்கழிவும் மட்கு உரமும் நிரப்பப்படுகின்றன. வேர் சுருளாது நேராக இறங்குவதும் சுமப்பது எளிதாவதும் இதன் நன்மைகள். ஆனால் மண் அறவே இல்லாத இக்கலவையில் வேர் உட்பூசணமும் பொதுவாக இராது. கன்று தழைத்து நிற்பதைக் கண்டு மகிழ்வோர், அது உரத்தாலும் அன்றாட நீராலும் தழைத்தது என்பதை மறந்துவிடுகின்றனர். துணையின்றி வளர்ந்த அக்கன்றைச் சரளை மேட்டில் நட்டு, நீரும் உரமும் நிறுத்தும்போதுதான் அதன் வறுமை வெளிப்படும்.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. நடவு செய்யவிருக்கும் நிலத்துக்கு அருகில், அதே மர இனங்களின் அடியில், சருகை ஒதுக்கிவிட்டு மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை நுண்வேர்களோடு சிறிதளவு எடுத்துக் கலவையில் சேர்த்தால் போதும். மணிச்சத்து உரத்தை மிகுதியாக இடுவது கூடாது. சத்து எளிதில் கிடைக்குமாயின் கன்று பூசணத்தை ஏற்பதைக் குறைத்துக்கொள்ளும். பூசணக்கொல்லி மருந்துகளையும் நோய் கண்டபோது மட்டுமே அளவறிந்து பயன்படுத்துதல் நன்று. குழி தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து, நடும்போது மேல்மண்ணையே வேரைச் சுற்றி இட வேண்டும் என்பது வனத்துறையின் பழைய விதி. சத்துக்காகச் சொல்லப்பட்ட அவ்விதி பூசணத்துக்காகவும் காக்கத்தக்கது. இயந்திரம் தோண்டும் அவசரத்தில் அது கைவிடப்படுதல் வருந்தத்தக்கது.

எந்த மண்ணை எடுப்பது என்பதிலும் ஆராய்ச்சி வேண்டும். மெக்சிகோவின் யூகடான் பகுதியில், பருவமழையைச் சார்ந்த காட்டில் ஆலன் தம்பதியர் முதலியோர் நிகழ்த்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முதிர்ந்த காட்டின் மண்ணைக் காட்டிலும், இளங்காட்டின் மண்ணிலிருந்த பூசணங்களே நட்ட கன்றுகளுக்கு மிகுதியாக உதவின. ஆகவே தொலைவிலுள்ள காப்புக்காட்டின் முதுமரங்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. அண்மையில் மீண்டு வரும் இளங்காட்டின் மண்ணே பயன்படக்கூடும். காப்புக்காட்டை லாரி லாரியாகச் சுரண்டுவது எவ்வாற்றானும் கூடாது. ஒரு காட்டை ஆக்க மற்றொன்றை அழிப்பது மீட்சியாகாது. நோய் கண்ட நாற்றங்காலின் மண்ணையும், களைவிதை மலிந்த மண்ணையும் தவிர்த்தல் வேண்டும்.

பொட்டல மருந்து போதுமா?

இனி, கடைகளில் விற்கும் பூசணப் பொட்டலங்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வேர் உட்பூசணம், சோளம் போன்ற செடிகளின் வேரில் தொட்டியில் பெருக்கப்பட்டு, வேர்த்துண்டுகளும் வித்துகளும் கலந்த தூளாக விற்கப்படுகிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட உயிர் உரங்களுள் இதுவும் ஒன்று. இதற்குத் தர அளவுகளும் வகுக்கப்பட்டுள்ளன. சுரங்கக் கழிவு மேடுகள் போன்ற, உயிர் அறவே அற்ற இடங்களில் இத்தகைய தூள் பெருநன்மை விளைக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒவ்வொரு நடவுக்கும் ஒரு பொட்டலம் என்று கட்டளையிடுவது தவறான வழி. பல நாடுகளில் வணிகத் தூள்களைச் சோதித்தபோது, அவற்றுட் பல வேரில் ஏறவே இல்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வெயிலில் கிடந்த சரக்கு, காலங்கடந்த சரக்கு ஆகியவற்றின் நிலையைச் சொல்லவும் வேண்டா. மேலும், வேற்றிடத்துப் பூசணம் நம் நிலத்தின் வறட்சிக்கும் வெப்பத்துக்கும் பழகியது என்று எண்ணுவதற்கு ஆதாரம் வேண்டும்.

மறுபுறம், ‘பூசணம் எங்கும் இருக்கிறது, காற்றும் விலங்கும் அதனைக் கொண்டு சேர்க்கும், நாம் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை’ என்று கூறுவோரும் உளர். இதிலும் ஓரளவு உண்மை உண்டு. வேர் உட்பூசணம் பல இனச் செடிகளோடு கூடி வாழக்கூடியது. புல்லும் புதரும் நிற்கும் நிலத்தில் அது முற்றும் அழிந்திருப்பது அரிது. ஆனால் அதன் வித்துகள் மண்ணுக்குள் உருவாகுபவை, அளவிலும் பெரியவை. எனவே அகன்ற வெற்றுநிலத்தின் நடுவே அவை தாமாகப் பரவுவதற்குக் காலம் பிடிக்கும். புறப்பூசணத்தின் நிலை வேறு. போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரங்களை வளர்க்கச் செய்த முயற்சிகள் மீண்டும் மீண்டும் தோற்றன. 1950-களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பின்னரே கன்றுகள் வளர்ந்தன. உரிய துணை அங்கே இல்லாதிருந்ததே தோல்விக்குக் காரணம். சால மரம் முன்பு இல்லாத இடத்தில் சாலத்தை நட முற்படுவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆதலின் இரு கூற்றுகளுக்கும் நடுவே நிற்கும் வழி ஒன்றே. முன்னர்ச் சோதி, பின்னர்ச் செய். சோதனை மிக எளிது. நடவு நிலத்தின் மண்ணை மூன்று தொட்டிகளில் இட வேண்டும். முதல் தொட்டியில் மண் உள்ளவாறே இருக்கட்டும். இரண்டாவதில் இடும் மண்ணை நீராவியில் நன்கு வேகவைத்து ஆறவிட வேண்டும். மூன்றாவதிலும் வேகவைத்த மண்ணை இட்டு, அருகிலுள்ள நல்ல இளங்காட்டு மண்ணை இரு கைப்பிடி சேர்க்க வேண்டும். மூன்றிலும் சோளம் விதைத்து ஆறு முதல் எட்டு வாரம் வளர்த்து, வேர்களைச் சோதித்தல் வேண்டும். முதல் தொட்டியின் வேரில் பூசணம் நன்கு ஏறியிருந்தால் அந்நிலத்துக்கு வெளித்துணை தேவையில்லை, காவலே போதும். மூன்றாவதில் மிகுதியாகவும் முதலாவதில் சிறிதாகவும் இருந்தால், மண் சேர்த்தல் பயன் தரும். ஒவ்வொரு சரகத்திலும் மழைக்கு முன்னர் இச்சோதனையைச் செய்து, முடிவை நடவுப் பதிவேட்டில் ஒரு தனிப்பத்தியில் எழுதுவது வழக்கமாயின், பத்தாண்டுகளில் நாட்டின் வறண்ட காடுகளின் மண்நிலை பற்றிய அரிய தொகுப்பு ஒன்று உருவாகும். டேராடூன், ஜபல்பூர், ஜோத்பூர் ஆகிய இடங்களில் உள்ள வன ஆராய்ச்சி நிலையங்கள் இதற்கு வழிகாட்டலாம்.

ஆசிரியர்களின் பங்கு

வேரைச் சோதிப்பதற்கு விலையுயர்ந்த சாயம் வேண்டும் என்ற தயக்கமும் தேவையற்றது. 1998-இல் வீர்ஹைலிக் முதலியோர் வெளியிட்ட முறையின்படி, எழுதுகோல் மையும் வினிகருமே போதும். கழுவிய நுண்வேர்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் காய்ச்சி நிறமகற்றி, நன்கு அலசி, வினிகரில் நூற்றுக்கு 5 பங்கு கறுப்பு மை கலந்த நீர்மத்தில் மூன்று நிமிடம் கொதிக்க வைத்து, மீண்டும் சில துளி வினிகர் கலந்த நீரில் கழுவினால், பூசணம் மட்டும் நிறம் ஏறித் தோன்றும். பள்ளி நுண்ணோக்கியிலேயே இதனைக் காணலாம். காரக் கரைசல் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். ஆதலால் அப்பகுதியை ஆசிரியரே கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்தல் வேண்டும். வெங்காய வேரையும் கடுகு வேரையும் அருகருகே வைத்துக் காட்டினால் மாணவர் வேறுபாட்டை உடனே உணர்வர். கடுகுக் குடும்பம் வேர்ப்பூசணத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. சால வனத்துக்கு அருகிலுள்ள பள்ளிகளில் இதுவும் வேண்டா. கைக்கண்ணாடி கொண்டு நோக்கினாலே, பருத்து, வேர்த்தூவிகள் இன்றி, உறை போர்த்திய வேர் நுனிகள் தெரியும்.

கற்பிக்கையில் ஒன்றை எச்சரிக்கையுடன் சொல்லுதல் வேண்டும். தாய்மரம் பூசண இழைகள் வழியாகத் தன் குட்டிகளுக்கு உணவூட்டுகிறது, மரங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்னும் கதைகள் இந்நாளில் பரவலாக வழங்குகின்றன. கனடாவின் காட்டில் சூசன் சிமார்ட் முதலியோர் 1997-இல் வெளியிட்ட, மரங்களிடையே கார்பன் கடத்தல் பற்றிய ஆய்வு பெரும்புகழ் பெற்றது. ஆயினும் 2023-இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹோக்செமா ஆகிய மூவரும் சான்றுகளை மறுபரிசீலனை செய்து, பொதுமக்களிடையே பரவிய கூற்றுகள் பல, காட்டில் கிடைத்த சான்றுகளுக்கு மிஞ்சியவை என்று காட்டினர். மேலும் அவ்வாய்வுகள் குளிர்நாட்டுக் காடுகளைச் சார்ந்தவை. நம் வறண்ட காடுகளுக்கு அவற்றை அப்படியே பொருத்துவது அறிவியல் முறையன்று. பூசணம் மணிச்சத்தைத் தருகிறது, சர்க்கரையைப் பெறுகிறது என்னும் உறுதியான உண்மையே மாணவருக்கு வியப்பூட்டப் போதுமானது.

முடிவாகக் கருதத்தக்கது ஒன்று உண்டு. பூசணம் மட்டும் காட்டை மீட்டுவிடாது. மேய்ச்சல் தடுக்கப்படாத நிலத்திலும், ஆண்டுதோறும் தீ புகும் நிலத்திலும் எத்துணைப் பூசணம் இருப்பினும் கன்று நிலைக்காது. ஆனால் காவலும் நீரும் காலத்தே நடவும் ஒழுங்காக அமைந்த பின்னும் கன்றுகள் குன்றி நிற்குமாயின், அவற்றின் வேரடியை நோக்குதல் வேண்டும். நிலத்தில் நிற்கும் வேரைக் காத்தல், மேல்மண்ணைக் காத்தல், நாற்றங்காலில் உயிருள்ள மண்ணைச் சேர்த்தல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இவற்றுக்கு வேண்டுவது களப்பணியாளரின் கருத்தும் கவனமுமே. வரும் கோடையில், நிலத்தைத் தூய்மை செய்ய இயந்திரம் வருமுன்னர், எஞ்சி நிற்கும் தூர்களை எண்ணிக் குறித்துவைப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.